வீடு பிந்தலாம், வகுப்பு பிந்தலாகாது

புதிய தவணை தொடங்குகின்றது. டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக லிந்துலை வரை, பனி விலகும் முன்பே வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் பாதையில் இறங்கி நடப்பார்கள். அந்த வரிசையில் நம் பிள்ளையும் நடக்கின்றதா? இந்த இதழில் நாம் சேர்ந்து படிக்கவிருக்கும் பாடம் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

இருந்த இடத்தைவிட்டு எழும்பி வந்த குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகின்றோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் பல இடங்களில் மலை சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்கள் சிலர். "இந்தச் சரிவில் இனிக் குடியிருக்க முடியாது" என்று சொல்லி எழுப்பப்பட்டவர்கள் சிலர். இப்படி எழும்பியவர்களில் உறவினர் வீட்டில் ஒண்டியிருப்போர் உண்டு. வேறு தோட்டத்துக்குப் போனோர் உண்டு. கொழும்புப் பக்கம் வேலை தேடிப் போனோரும் உண்டு.

இந்நிலையில் பெற்றோர் பலர் சொல்வது ஒன்றுதான்: "முதலில் ஓர் இடத்தில் குந்துவோம். வீடு கிடைக்கட்டும். பிறகு பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்போம்." கேட்பதற்கு இது நியாயமாகவே படும். ஆயினும் இந்த எண்ணம் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய நட்டத்தைக் கொண்டுவரும் என்பதை நிதானமாகச் சிந்திப்போம்.

1. மீரியபெத்தை தரும் பாடம்

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் அதனால் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்கு அன்று திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

தப்பிய குடும்பங்கள் முதலில் கொஸ்லந்தை, பூணாகலைப் பகுதிப் பாடசாலைக் கட்டடங்களில் தங்கவைக்கப்பட்டன. பிறகு பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் நாட்களைக் கழித்தன. புதிய வீடுகள் அவர்கள் கைக்கு வந்தது 2016இல்தான். ஏறத்தாழ இரண்டு வருடங்கள்!

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014 ஒக்டோபரில் ஒரு பிள்ளை இரண்டாம் தரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2016 ஒக்டோபரில் அந்த வயதுப் பிள்ளை இருக்க வேண்டியது நான்காம் தரத்தில். இரண்டாம் தரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை, நான்காம் தரத்தில் பந்தியாக வாசித்து, விளங்கி, சொந்தமாக எழுத வேண்டும். வீடு கிடைக்கட்டும் என்று பெற்றோர் காத்திருந்திருந்தால், வீடு கிடைத்த அன்று அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் உட்காரும்? இரண்டாம் தரத்துப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். நான்காம் தரத்துப் பாடம் விளங்காது. இப்படி நடுவில் நிற்கும் பிள்ளைதான் சில மாதங்களில் "எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்று சொல்லி நின்றுவிடும்.

காணி அளக்க வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிலத்தைப் பார்க்க வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், கல்லும் மணலும் வர வேண்டும். ஆகவே வீடு பிந்தும். அதற்காக நாம் கேட்கவும் போராடவும் வேண்டியது வேறு விடயம். ஆனால் வீட்டின் வேகத்துக்குப் பிள்ளையின் படிப்பைக் கட்டிவைக்கக் கூடாது.

2. சிறிய வகுப்புகளில் ஏன் இவ்வளவு அவசரம்?

"சின்ன வகுப்புத்தானே, பிறகு பிடித்துக்கொள்ளலாம்" என்று சிலர் எண்ணுவதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. மண்ணோடு பழகிய உங்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. நாற்றுமேடையில் இருக்கும்போது தண்ணீர் இல்லாமல் வாடிய லீக்ஸ் கன்று, பாத்தியில் நட்ட பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் தேறுவது கடினம். வளர்ந்த பயிர் ஒரு கிழமை வெயிலைத் தாங்கும், நாற்று தாங்காது.

நம் நாட்டில் ஆரம்பக் கல்வி முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரையானது. அதை மூன்று படிகளாகப் பிரித்திருக்கின்றார்கள். ஒன்றாம், இரண்டாம் தரங்கள் முதற்படி. மூன்றாம், நான்காம் தரங்கள் இரண்டாம் படி. ஐந்தாம் தரம் மூன்றாம் படி. முதற்படியில் பிள்ளை விளையாட்டாலும் செயலாலும் எழுத்தையும் எண்ணையும் பழகுகின்றது. இரண்டாம் படியில் அந்த எழுத்தைக் கொண்டு மற்றப் பாடங்களைப் படிக்கத் தொடங்குகின்றது. சுருங்கச் சொன்னால், முதலில் வாசிக்கப் படிக்கின்றது. பின்னர் வாசித்துப் படிக்கின்றது. முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை.

இன்னொன்றும் உண்டு. இடம்பெயர்ந்த பிள்ளையின் மனம் கலங்கியிருக்கும். மழைச்சத்தம் கேட்டால் திடுக்கிடும், இரவில் அழும், நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி வரும். இது பிடிவாதமோ சேட்டையோ அல்ல, பயத்தின் அடையாளம். இப்படியான பிள்ளைக்கு, தினமும் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே இடத்துக்குப் போய், ஒரே ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பதே ஒரு மருந்து. மற்றதெல்லாம் குலைந்துபோயிருக்கும்போது பாடசாலை மணி மட்டும் நேரத்துக்கு அடிக்கின்றது. அதைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டாம்.

3. இது யாரும் தரும் சலுகை அல்ல

நம் மக்களுக்குப் பள்ளிக்கூடம் பிந்தி வந்த ஒன்று. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்குள் வந்தது 1970களில்தான். இடைப்பட்ட முப்பது வருடங்கள் வரை, ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே பல தோட்டங்களின் நிலை. நம் தாத்தா பாட்டிமார் பலர் கைநாட்டு வைத்ததற்குக் காரணம் அவர்கள் மூளைக் குறைவு அல்ல. அவர்களுக்குப் பாடசாலை எட்டாமல் இருந்ததே. அவ்வளவு பிந்தி வந்த உரிமையை நாம் இன்னும் ஒருமுறை பிந்தவிடலாமா?

இன்று சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கின்றது. 1998இல் 5 வயது முதல் 14 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. பிள்ளைகளை வேலைக்கு வைப்பதற்கான குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 1991இல் இணைந்தது. ஆரம்பக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோருக்காக 1998இல் வகுக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளும், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இந்த உரிமை அறுபடக் கூடாது என்று சொல்கின்றன.

எனவே புதிய ஊரில் பாடசாலை வாசலில் நிற்கும் தாய் தயவு கேட்டு நிற்பவள் அல்ல. தன் பிள்ளைக்கு உரியதைக் கேட்டு நிற்பவள். தலைநிமிர்ந்து, மரியாதையாக, தெளிவாகக் கேட்கலாம்.

4. செய்ய வேண்டியது என்ன?

முதலாவது: பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, இப்போது தங்கியிருக்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலைக்குப் போங்கள். சில மாதங்கள்தான் இங்கே இருப்போம் என்றாலும் போங்கள். அதிபரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். பிள்ளை எந்தப் பாடசாலையில், எந்தத் தரத்தில் படித்தது என்பதைச் சொல்லுங்கள். பழைய பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரம் எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், பழைய பாடசாலையோடு அல்லது கல்விப் பணிமனையோடு தொடர்புகொள்ளும்படி புதிய அதிபரையே கேளுங்கள்.

இங்கே ஓர் ஆபத்தைக் குறிப்பிட வேண்டும். பழைய பாடசாலையின் இடாப்பில் பிள்ளையின் பெயர் இருக்கும். பிள்ளை அங்கே போவதில்லை. புதிய ஊரில் பிள்ளை இருக்கும். அங்கே இடாப்பில் பெயர் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் பிள்ளை காணாமல் போய்விடுகின்றது. அந்த ஆசிரியர் "வேறு இடத்தில் படிக்கின்றது" என்று நினைப்பார். இந்த ஆசிரியருக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. ஆகவே எங்காவது ஓர் இடாப்பில் பெயரும் பிள்ளையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது பெற்றோரின் முதற் கடமை.

இரண்டாவது: பிறப்புச் சான்றிதழ் மண்ணோடு போய்விட்டது என்று மனம் தளர வேண்டாம். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது பிரதி மட்டுமே. மூலப் பதிவு அரசாங்கத்தின் பதிவேட்டில் இருக்கின்றது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து மறுபிரதி எடுக்கலாம். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த வைத்தியசாலை அல்லது இடம், பெற்றோரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை இலகுவாகும். பிறப்பே பதியப்படாத பிள்ளை என்றால், காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் வழியில்லாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒழுங்கு உண்டு. தடுப்பூசி போட்ட கிளினிக் புத்தகம், ஞானஸ்நானப் பதிவு போன்றவை இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். வயதைக் காட்ட அவை உதவும்.

மூன்றாவது: கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, நீங்கள் இப்போது அவருடைய பிரிவில் தங்கியிருப்பதாக ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். பாடசாலை அனுமதிக்கும் நிவாரணத்துக்கும் அது தேவைப்படும். உங்கள் குடும்பத்தில் பாடசாலை செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தரம் என்பதையும் அவரிடம் எழுதிக்கொடுங்கள். பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கு வரும் உதவிகள் பெயர்ப்பட்டியல் பார்த்தே பங்கிடப்படும்.

நான்காவது: முதலாம் தரத்துக்குப் புதிதாகச் சேர்ப்பதாயின், அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதிக்குள் பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பங்கள் அதற்கு முந்திய வருடத்திலேயே கேட்கப்படும். ஊர் மாறிய குழப்பத்தில் அந்த நாளைத் தவறவிட்டவர்கள் அடுத்த வருடம் பார்ப்போம் என்று இருந்துவிட வேண்டாம். இப்போதே அதிபரைப் பார்த்துப் பேசுங்கள்.

ஐந்தாவது: ஒரு பாடசாலை இடமில்லை என்று சொன்னால், ஏன் இடமில்லை என்று பணிவோடு கேளுங்கள். அடுத்து கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும், அங்கும் முடியாவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கும் போங்கள். அக்கரப்பத்தனைப் பாடசாலைகள் நுவரெலியா வலயத்துக்கு உரியவை. தனியே போகத் தயங்கினால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள். வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுத்து, திகதி போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் பாடசாலை போகாதிருந்த பிள்ளையாயின், வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை மறுபடி வகுப்புக்குத் தயார்படுத்துவது அவர்களுடைய பணி.

5. நாம் சொல்லும் காரணங்கள்

"சீருடை இல்லை, சப்பாத்து இல்லை." அரசாங்கம் 1980 முதல் பாடநூல்களையும் 1993 முதல் சீருடைத் துணியையும் இலவசமாகத் தந்துவருகின்றது. புயலில் அவை போய்விட்டன என்று அதிபரிடம் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும்வரை, சுத்தமாகத் துவைத்த எந்த உடுப்போடும் பிள்ளையை அனுப்பலாம். உடுப்பைப் பார்த்து எந்த ஆசிரியரும் பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது. சக பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் கடமை.

"சந்தா கட்டப் பணமில்லை." பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கான சந்தா வேறு, பிள்ளையின் கல்வி உரிமை வேறு. கட்ட முடியாத நிலையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பிள்ளையை நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

"சின்னதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை." இந்தக் காரணத்துக்குப் பலியாவது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான். தாய் கொழுந்துக்குப் போக, எட்டு வயது மகள் வீட்டுக்காரி ஆகிவிடுகின்றாள். கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் விடுங்கள். அது இல்லாத இடத்தில், நாலு குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். தம்பியைத் தூக்குவது அக்காளின் அன்பாக இருக்கட்டும். அவளது தொழிலாக ஆக வேண்டாம்.

"எங்காவது வேலைக்கு அனுப்பினால் ஒரு வாய் குறையும்." இதை எழுத நமக்கு மனம் வலிக்கின்றது. ஆனாலும் மறைக்கக் கூடாது. கஷ்டம் வந்த வீட்டைத் தேடித்தான் தரகர் வருவார். "நல்ல வீடு, சாப்பாடு உண்டு, மாதம் பணம் வரும்" என்பார். தலைநகர் வீடுகளுக்குப் போன நம் சிறுமியர் பட்ட பாடு இந்தப் பகுதியில் தெரியாததல்ல. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அப்படி ஏதாவது நடப்பதாக அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அறிவிக்கலாம்.

6. வீட்டில் நம் பங்கு

தாய் தந்தைக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையின் படிப்புக்கு உதவ முடியும். தங்கியிருப்பது ஓர் அறையே ஆனாலும், மாலையில் அரை மணித்தியாலம் வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். பிள்ளை புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். இடறினால் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். "அதை மறுபடி வாசி" என்றால் போதும்.

விடுபட்ட கணக்கைச் சமையலிடத்திலேயே பழக்கலாம். உருளைக்கிழங்கைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். காலையில் எத்தனை கிலோ கொழுந்து, மாலையில் எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு என்று பிள்ளையைக் கூட்டச் சொல்லுங்கள். கடைத்துண்டை அதன் கையில் கொடுத்து மிச்சக் காசு சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீனிப் பை, மா பை, மருந்துப் பெட்டி எல்லாவற்றிலும் எழுத்து இருக்கின்றது. எழுதத் தாள் இல்லாவிட்டால் ஈரமண்ணில் குச்சியால் எழுதலாம்; எழுத்துக்கு அது போதும்.

மழை கடுமையாகி, மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாட்களில் மட்டும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். பாதுகாப்பு முதலில். மற்ற நாட்களில், ஒரே பக்கம் போகும் பிள்ளைகளைக் கூட்டமாக, பெரியவர் ஒருவரின் துணையோடு அனுப்புங்கள்.

7. ஊர் சேர்ந்து செய்யக்கூடியது

இது பெற்றோர் தலையில் மட்டும் சுமத்தும் பொறுப்பு அல்ல. மாதர் சங்கம், இளைஞர் மன்றம், கோவில் பரிபாலன சபை, பங்குச் சபை எதுவாக இருந்தாலும், அதன் அடுத்த கூட்டத்தில் ஒரு வேலையைச் செய்யலாம். உங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள் எவை? அவர்களில் 5 வயது முதல் 16 வயது வரையான பிள்ளைகள் யார் யார்? யார் பாடசாலைக்குப் போகின்றார்கள், யார் போகவில்லை? இதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். போகாத பிள்ளைகளின் வீட்டுக்கு இருவராகப் போய்ப் பேசுங்கள். காரணத்தைக் கேட்டறிந்து, அதற்கு வழி தேடுங்கள். அந்தக் கொப்பியை அதிபரிடம் காட்டுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த பிள்ளை முதல் நாளே வீட்டுப்பாடம் செய்துவர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கே விட்டதோ அங்கிருந்து தொடங்குங்கள். புயலைப் பற்றிப் பேசப் பிள்ளை விரும்பினால் கேளுங்கள்; விரும்பாவிட்டால் தோண்ட வேண்டாம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளையைத் தேடி ஆள் அனுப்புங்கள்.

குழுவாகச் சிந்திக்க:

நம் பிரிவில் பாடசாலை போகாத பிள்ளை யாராவது உண்டா? அந்தப் பிள்ளையின் பெயர் இப்போது எந்தப் பாடசாலை இடாப்பில் இருக்கின்றது?

நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் பத்திரமாக உள்ளனவா? இல்லாதவர்கள் சேர்ந்து ஒரே நாளில் பிரதேச செயலகத்துக்குப் போக முடியுமா?

தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாம் என்ன ஒழுங்கு செய்யலாம்?

இந்தத் தவணை முடியுமுன் நாம் பாடசாலைக்குத் திரும்ப அழைத்துச் செல்லப்போகும் பிள்ளை யார்? அந்த வீட்டுக்கு யார் போவது, எந்த நாளில் போவது?

கடைசிக் கேள்விக்கு விடை எழுதாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம்.